ஒப்பாரியில் பெயர் இருக்கும்

அன்புள்ள ஐயா,

சென்ற மாதம் உங்கள் ஆரம்பகால லண்டன் வாழ்க்கை பற்றி எழுதியிருந்தீர்கள். அதில் 1985இல் எதியோப்பியப் பஞ்சத்துக்கு நிதி திரட்ட வெம்பிளியில் நடந்த லைவ் எய்ட் கச்சேரிக்கு அக்காவோடு போனதாக ஒரே ஒரு வரி. அதற்குமேல் எதுவும் சொல்லாமல் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டீர்கள். எனக்கு அந்த வரியைத் தாண்ட முடியவில்லை.

நான் கோவையில் ஒரு வங்கியில் வேலை பார்க்கிறேன். அண்ணன் பெங்களூரில் இருக்கிறான். அடுத்த மாதம் அங்கே ஒரு மைதானத்தில் ராக் கச்சேரி நடக்கப்போகிறது. மலைச்சரிவில் வீடிழந்த குடும்பங்களுக்கு நிதி திரட்டுகிறார்களாம். இரண்டு டிக்கெட் எடுத்துவிட்டு என்னைக் கூப்பிடுகிறான். பள்ளிக்கூட நாட்களில் ஒரே இயர்போனை ஆளுக்கொரு காதில் மாட்டிக்கொண்டு பாட்டுக் கேட்டவர்கள் நாங்கள். போக ஆசைதான். ஆனால் மனசு ஒப்பவில்லை. இழவு வீட்டு வாசலில் மேடை போட்டு ஆடுகிற மாதிரி இருக்கிறது. உதவ வேண்டுமென்றால் பணத்தை அனுப்பிவிட்டு வீட்டில் இருக்கலாமே? இதை அவனிடம் சொன்னேன். “நீ எல்லாத்தையும் கெடுத்துருவே” என்று போனை வைத்துவிட்டான்.

லைவ் எய்டில் சேர்ந்த பணம் ஆயுதம் வாங்கப் போனதாக எங்கோ படித்தேன். அது உண்மையா? அன்று போனதற்காக நீங்கள் எப்போதாவது வருந்தியதுண்டா?

இப்படிக்கு,
ஒரு வாசகி, கோவை
(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

*

அன்புள்ள மகளுக்கு,

வருந்தியதில்லை. அந்த நாளை ஒரு வரியோடு விட்டதற்குக் காரணம் தயக்கம். அது என்னுடைய நாள் மட்டுமல்ல, அக்காவினுடையதும். உங்கள் கடிதத்தைத் தொலைபேசியில் அவருக்கு வாசித்துக் காட்டி, எழுதலாமா என்று கேட்ட பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

அக்கா 1978இல் தாதிப் பயிற்சிக்காக லண்டன் வந்தவர். நான் இலங்கையில் 83 யூலைக் கலவரத்துக்குப் பிறகு, 84 தை மாதத்தில் வந்து சேர்ந்தேன். ஈஸ்ற்ஹாமில் அவருடைய ஒற்றை அறையைச் சேலை கட்டி இரண்டாக்கிக்கொண்டு இருந்தோம். எனக்கு இரவில் பெற்றோல் நிலையத்தில் வேலை. விடியும்வரை கண்ணாடிக் கூண்டுக்குள் ஒரு ரேடியோதான் துணை. ரொக் இசை எனக்கு அந்த ரேடியோ வழியாக வந்தது. பாடுகிறவர்களின் முகம் தெரியாது, பெயரும் பாதிதான் தெரியும். ஆனால் கிற்றார் தொடங்கும்போதே பாட்டு இன்னதென்று சொல்லிவிடுவேன். ஊர் பற்றிய நினைப்பு வராமல் இரவைக் கடத்த அது உதவியது.

அக்காவுக்கு அந்தச் சத்தம் ஆகாது. அவர் வரச் சம்மதித்ததற்குக் காரணம் வேறு. 1984 ஒக்ரோபர் 23ஆம் திகதி, எதியோப்பியாவின் கோரெம் என்ற இடத்திலிருந்து மைக்கேல் பேர்க் அனுப்பிய செய்தி பிபிசியில் வந்தது. படம் பிடித்தவர் நைரோபியில் பிறந்த முகமது அமீன். விடியற்காலைக் குளிரில் வெட்டவெளியில் சுருண்டு கிடந்த சனத்தை அந்தப் படத்தில் உலகம் பார்த்தது. அக்கா அதைத் தாதிகளின் பொது அறையில் பார்த்தார். அவர் வேலை செய்தது சிறுவர் வார்ட்டில். இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை.

அதே செய்தியைப் பார்த்த பாடகர் பொப் கெல்டோஃப், இன்னொரு பாடகரான மிட்ஜ் யூரைச் சேர்த்துக்கொண்டு, பெயர்பெற்ற பாடகர்களை ஒன்றுகூட்டி அந்த நத்தாருக்கு ஒரு பாட்டு வெளியிட்டார். அதன் தொடர்ச்சிதான் 1985 யூலை 13, சனிக்கிழமை, வெம்பிளியிலும் அமெரிக்காவின் பிலடெல்பியாவிலும் ஒரே நாளில் நடந்த லைவ் எய்ட். ரிக்கெற் 25 பவுண். அதில் 5 பவுண் நுழைவுக்கு, 20 பவுண் நன்கொடை. ஒரு ரிக்கெற்றே என் இரண்டு இரவுச் சம்பளத்தை விழுங்கிவிடும். அக்காவோடு வேலை செய்த ஐரிஷ் தாதி ஒருவர் இரண்டு ரிக்கெற் எடுத்து வைத்திருந்தார். அன்றைக்கு ட்யூட்டி மாற்ற முடியாமல் போகவே அவற்றை எங்களுக்குத் தந்தார். அக்கா காசைக் கொடுத்தபோது நுழைவுக் காசை அவர் வாங்கவில்லையாம். “நன்கொடை மட்டும் உன்னுடையதாக இருக்கட்டும்” என்றாராம்.

நீங்கள் கேட்ட கேள்வியை அந்த வாரமே எங்களிடமும் கேட்டார்கள். பூட்டானின் திம்புவில் இலங்கை அரசுக்கும் தமிழர் தரப்புக்கும் இடையே யூலை 8ஆம் திகதி பேச்சுவார்த்தை தொடங்கியிருந்தது. எங்கள் அறைக்கு வந்து போகிற ஊர்ப் பொடியன்கள் வேறு எதையும் பேசவில்லை. நாங்கள் வெம்பிளி போகப்போவது தெரிந்ததும் ஒருவன் முகத்துக்கு நேரே, “ஊர் எரியேக்கை உங்களுக்குப் பாட்டுக் கச்சேரியோ?” என்றான். எனக்கு நாக்கு எழவில்லை. அக்காதான், “நாங்கள் போகாட்டில் நெருப்பு அணைஞ்சிடுமோ, தம்பி?” என்று அமைதியாகக் கேட்டார். நாங்கள் வெம்பிளியில் நின்ற அந்த 13ஆம் திகதிதான் தமிழர் தரப்பு திம்புவில் தன் நான்கு கோட்பாடுகளை முன்வைத்தது. அந்த இரண்டு செய்திகளும் என் மனதில் ஒரே திகதியின் கீழ் கிடக்கின்றன. ஒன்றை நினைத்தால் மற்றதும் வந்துவிடும்.

காலையில் அக்கா பாணுக்குள் சம்பல் வைத்துக் கட்டினார். ஈஸ்ற்ஹாமிலிருந்து பேக்கர் ஸ்ரீற் வந்து, ரயில் மாறி, வெம்பிளி பார்க்கில் இறங்கினோம். தூரத்தில் பழைய அரங்கின் இரட்டைக் கோபுரம் வெள்ளையாகத் தெரிந்தது. அதை நோக்கிச் சனம் ஆறாக நடந்தது. நல்லூர்த் தேரில் பார்த்த கூட்டம்தான் எனக்குக் கூட்டம் என்பதற்கு அளவு. இங்கே 72,000 பேர் என்றார்கள். தேருக்குப் போகிற சனத்தின் முகத்தில் இருக்கிற அதே களை இந்த வெள்ளைக்காரப் பிள்ளைகளின் முகத்திலும் இருந்தது.

நண்பகல் 12 மணிக்குத் தொடங்கியது. முதல் சில மணிநேரத்தை நான் விவரிக்கப்போவதில்லை. சுழலும் மேடை, முன்னால் ஒரு குழு பாடும்போதே பின்னால் அடுத்த குழு வாத்தியம் அடுக்கும். நேரம் முடிகிறது என்று பாடகருக்குக் காட்ட மேடையில் தெருச்சந்தி விளக்குப் போலப் பச்சை, மஞ்சள், சிவப்பு வைத்திருந்தார்களாம். எங்களுக்கு வெயில்தான் தெரிந்தது. அக்கா ஒரு தாதியாக என்னையும் பக்கத்தில் நின்றவர்களையும் தண்ணீர் குடிக்கச் சொல்லிக்கொண்டே இருந்தார். பாணை முன்பின் தெரியாத நாலு பேருக்குப் பிய்த்துக் கொடுத்தார். உறைப்பில் அவர்களுக்குக் கண் கலங்கியது, ஆனாலும் கையை நீட்டினார்கள்.

மாலை 6.41க்குக் குவீன் குழு மேடை ஏறியது. 21 நிமிடம். ஃப்ரெடி மெர்க்குரி வெள்ளை பனியனோடு பியானோவில் உட்கார்ந்ததும் அந்த அரங்கு மூச்சை உள்ளே இழுத்ததை நான் உடம்பால் உணர்ந்தேன். ஒரு பாட்டில் எல்லோரும் கையைத் தலைக்குமேல் உயர்த்தித் தட்ட வேண்டும். முன்னால் நிற்பவர்களுக்குச் சத்தம் முதலில் போகும், பின்வரிசைக்குக் கண்ணிமைக்கிற நேரம் பிந்திப் போகும். அதனால் கைகள் ஒரே கணத்தில் எழவில்லை. மேடையருகே தொடங்கி, விளைந்த வயலில் காற்று ஓடுகிற மாதிரி, பின்னால் வரை ஓடின. அதற்குள் நானும் ஒரு கதிராக நின்றேன். ஊரைவிட்டு வந்தபிறகு நான் ஓரிடத்தைச் சேர்ந்தவன் என்ற நினைப்பு எனக்கு வந்த முதல் மாலை அது. பிறகு அந்த மனிதர் ஒரு வார்த்தையும் இல்லாமல் வெறும் குரலை நீட்டி எங்களிடம் எறிந்தார். 72,000 பேரும் அதை அப்படியே திருப்பிக் கொடுத்தோம். அக்காவும் கொடுத்தார். நான் பார்த்தேன்.

அவர் யாரென்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. கிழக்கு ஆபிரிக்கத் தீவான சன்சிபாரில் ஒரு பார்சிக் குடும்பத்தில் பிறந்தவர், இயற்பெயர் ஃபரூக் புல்சாரா, மகாராஷ்டிரத்தின் பஞ்ச்கனியில் விடுதிப் பள்ளியில் படித்தவர், 1964 சன்சிபார் புரட்சியில் ஊரைவிட்டு லண்டனுக்கு வந்த குடும்பத்துப் பிள்ளை என்பதெல்லாம் பல வருடங்களுக்குப் பிறகு படித்தது. படித்த அன்று அக்காவுக்குத்தான் முதலில் சொன்னேன்.

அவர்களுக்குப் பிறகு டேவிட் போவி வந்தார். தனக்குக் கொடுத்த நேரத்தில் ஒரு பாட்டை விட்டுக்கொடுத்து, அந்த இடத்தில் ஒரு படத்தைப் போடச் சொன்னார். கனடிய ஒலிபரப்பு நிறுவனமான சிபிசி பஞ்சப் பகுதிகளில் எடுத்த காட்சிகள், பின்னணியில் மெதுவான ஒரு பாட்டு. அத்தனை பெரிய திரையில் ஒரு குழந்தை எழும்பி நிற்கப் பார்க்கிறது, கால் மடிகிறது. சற்றுமுன் என்னை வயலாக்கிய அந்தக் கூட்டம் அப்படியே அடங்கிவிட்டது. என் காதுக்குப் பக்கத்தில் அக்காவின் குரல் மட்டும் கேட்டது. எனக்குச் சொல்லவில்லை, தனக்குத்தானே சொன்னார்.

“உந்தப் பிள்ளைக்கு இப்ப சோறு குடுத்தால் போயிடும். கரைச்ச பால்தான் குடுக்கோணும். கரண்டி கரண்டியா, இரவு பகலா. ஆர் பக்கத்தில இருந்து குடுக்கிறது?”

பட்டினியால் அந்த நிலைக்குப் போன உடம்பு சாப்பாட்டைத் திடீரென்று தாங்காது. உப்புகளின் அளவு குழம்பி இதயம் நின்றுவிடும். சிறிதுசிறிதாக, மணித்தியாலக் கணக்கு வைத்துக் கொடுத்துத்தான் மீட்க வேண்டும். மற்றவர்கள் பசியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அக்கா அந்த இரவு ட்யூட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் பின்னால் நின்ற ஒரு பெண், வெயிலில் தோள் சிவந்து உரிந்த ஒரு ஆங்கிலேயப் பெண், அக்காவின் கையைப் பிடித்து, “நீங்கள் அங்கேயா?” என்று கேட்டார். எதியோப்பியாவா என்று கேட்கிறார். எனக்குக் கோபம் வந்தது. நாங்கள் யாரென்று சொல்ல வாயெடுத்தேன். அக்கா என்னைத் தடுத்துவிட்டு அந்தப் பெண்ணின் தோளில் சாய்ந்து அழுதார். 83 யூலைக்குப் பிறகு அக்கா அழுது நான் பார்த்ததில்லை. கொழும்பில் எங்கள் மாமாவின் கடையை எரித்தார்கள். மாமா திரும்பி வரவில்லை, உடலும் கிடைக்கவில்லை. அந்தச் செய்தியை அக்கா லண்டனிலும் நான் யாழ்ப்பாணத்திலும் கேட்டோம். அதற்குப் பிறகு ஒரே அறையில் ஒன்றரை வருடம் இருந்தும் மாமாவின் பெயரை நாங்கள் இருவரும் உச்சரித்ததில்லை.

பத்து மணிவாக்கில் எல்லாப் பாடகர்களும் மேடையில் கூடி அந்த நத்தார்ப் பாட்டைப் பாட, கச்சேரி முடிந்தது. திரும்பி வருகிற ரயிலில் நிற்கவும் இடமில்லை. பெட்டி முழுக்கப் பாட்டு. நான் ஏன் அந்தப் பெண்ணிடம் உண்மையைச் சொல்லவில்லை என்று கேட்டேன். “அவ ஆருக்கெண்டு நினைச்சு அழுதாலென்ன, அழுதது உண்மைதானே” என்றார். பிறகு சொன்னதைத்தான் இன்றைக்கு உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

“பாடினதிலை பிழையில்லை. செத்தவீட்டிலை நாங்கள் பறை அடிக்கிறேல்லையே, பாடுறேல்லையே? ஆனா அம்மம்மா ஒப்பாரி சொன்னா செத்த ஆளின்ரை பேர் வரும். என்னத்தாலை செத்தது எண்டு வரும். நேரத்துக்கு வைத்தியரைக் கூப்பிடாத மகனையும் பேர் சொல்லி இழுப்பா. இண்டைக்கு முழுநாளும் பாடினாங்கள். அங்கை சண்டை நடக்குதெண்டு ஆராவது ஒரு சொல் சொன்னாங்களே?”

என் காதில் அப்படி ஒரு சொல்லும் விழவில்லை. ஆனால் அன்றைக்கு நான் அதை ஏற்கவில்லை. என் வாழ்க்கையின் மிகச் சந்தோஷமான நாளை அக்கா குற்றம் சொல்வதாகப் பட்டது. “எல்லாத்திலையும் பிழை பிடிச்சு எல்லாத்தையும் கெடுக்காதேங்கோ” என்று கத்திவிட்டேன். உங்கள் அண்ணன் சொன்ன அதே சொல். கடிதத்தில் அதைப் படித்ததும் சிறிதுநேரம் திரையைப் பார்த்தபடி இருந்தேன்.

அக்கா சொன்னது சரி. அவருடைய வார்ட்டில் துப்புரவு வேலை செய்த எரித்திரியப் பெண் ஒருவர் அவருக்கு முன்பே சொல்லியிருக்கிறார். நான் புத்தகங்களைத் தேடிப் படித்துத் தெரிந்துகொள்ளப் பல வருடம் எடுத்தது. மழை பொய்த்தது உண்மை. ஆனால் எதியோப்பியாவின் வடக்கில் பஞ்சம் மிக மோசமாக இருந்த வொல்லோ, திக்ரே, அன்று அந்த நாட்டோடு இருந்த எரித்திரியா எல்லாம் போர் நடந்த பகுதிகள், அல்லது அதை ஒட்டியவை. எரித்திரியாவில் 1961இலிருந்து போர். திக்ரேயில் 1975இலிருந்து. எதியோப்பியாவை ஆண்ட மெங்கிஸ்துவின் அரசு கிளர்ச்சிப் பகுதிகளுக்கு உணவு போகாமல் தடுத்தது. சந்தைகள்மீது விமானத்திலிருந்து குண்டு போட்டது. சந்தை கூடாவிட்டால், விளைந்த ஊரிலிருந்து விளையாத ஊருக்குத் தானியம் நகராது. சுடான் எல்லையைத் தாண்டிக் கிளர்ச்சிப் பகுதிக்குள் உணவு கொண்டுபோன லொறிகள் விமானத்துக்குப் பயந்து இரவில் மட்டுமே ஓடின. வடக்கில் சனம் விழுந்துகொண்டிருந்த 1984 செப்ரெம்பரில் தலைநகர் அடிஸ் அபாபாவில் புரட்சியின் பத்தாவது ஆண்டு விழாவைப் பெரும் செலவில் கொண்டாடினார்கள். பிறகு பஞ்ச நிவாரணம் என்ற பெயரில் ஏறத்தாழ ஆறு லட்சம் பேரை வடக்கிலிருந்து தெற்குக்கும் மேற்குக்கும் ஏற்றிப்போனார்கள், அநேகரை அவர்களுடைய விருப்பம் இல்லாமலே. அதை வெளிப்படையாகக் கண்டித்த பிரெஞ்சு மருத்துவர் அமைப்பு, எல்லைகளற்ற மருத்துவர்கள், 1985 டிசெம்பரில் நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்டது. இறந்தவர்களின் தொகை நான்கு லட்சத்திலிருந்து பத்து லட்சம் வரை சொல்லப்படுகிறது.

இது எதுவும் அந்த மேடையில் இல்லை. மழை பெய்யாததால் பசி என்பதாகவே உலகம் கேட்டது. அரசும் குண்டும் அந்தப் பாட்டுக்குள் வரவில்லை. ஒரு சனத்தைப் பட்டினி போடுவது போரின் ஒரு முறை என்பதை வன்னியில் பிறகு நாங்களே அனுபவித்தோம். அதனால்தான் இதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

ஆயுதம் பற்றிக் கேட்டீர்கள். 2010 மார்ச்சில் பிபிசி உலக சேவை, திக்ரேயின் கிளர்ச்சிப் பகுதிக்குப் போன நிவாரணப் பணத்தில் பெரும்பகுதி ஆயுதத்துக்குப் போனதாக ஒரு நிகழ்ச்சி வெளியிட்டது. லைவ் எய்ட் நிதியை நிர்வகித்த பாண்ட் எய்ட் அறக்கட்டளை முறையிட்டது. தங்களுடைய பணம் அப்படித் திருப்பப்பட்டதாகச் சொல்வதற்கு ஆதாரம் இல்லை என்று ஏற்று, அதே ஆண்டு நவம்பரில் பிபிசி மன்னிப்புக் கேட்டது. நீங்கள் படித்தது அந்த முதல் பாதியாக இருக்கும். துப்பாக்கி வைத்திருப்பவனைக் கடக்காமல் போர்ப் பகுதிக்குள் ஒரு மூட்டை அரிசியும் போகாது என்பது எனக்குத் தெரியும். அதற்காக அரிசியை அனுப்பாமல் இருக்கச் சொல்ல என்னால் முடியாது. அந்த அறக்கட்டளை பிறகு லொறிகளையே வாங்கி ஓட்டியது. துறைமுகத்தில் குவிந்துகிடக்கும் தானியம் யாருடைய வயிற்றுக்கும் போகாது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

ஆகவே அண்ணனோடு சண்டை பிடிப்பதற்குப் பதிலாக அவரோடு சேர்ந்து இதை விசாரியுங்கள்: ரிக்கெற்றில் எவ்வளவு நிவாரணத்துக்கு, யாருடைய கணக்குக்கு, அது அங்கே எதுவாக மாறுகிறது, கூரைத் தகடாகவா, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமாகவா? நல்ல மனம் மட்டும் போதாது என்பதற்கு 1971 ஒகஸ்ற் 1ஆம் திகதி நியூயோர்க்கில் நடந்த வங்கதேசத்துக்கான கச்சேரி சான்று. சிதார் கலைஞர் ரவிசங்கர் கேட்டு, பீற்றில்ஸ் குழுவில் இருந்த ஜோர்ஜ் ஹரிசன் நடத்தியது. நுழைவுச் சீட்டில் சேர்ந்த ஏறத்தாழ 2,43,000 டொலர் யுனிசெஃபுக்குப் போய்விட்டது. இசைத்தட்டிலும் படத்திலும் வந்த பெரும் பணமோ, வரிவிலக்கை முன்கூட்டியே ஒழுங்கு செய்யாததால் அமெரிக்க வரித்துறையின் பிடியில் வருடக்கணக்காகக் கிடந்தது. நீங்கள் வங்கியில் வேலை செய்பவர், என்னைவிட நன்றாக இதைக் கேட்கத் தெரியும். அந்தச் சரிவு மழையால் மட்டும்தான் வந்ததா, மலையை யார் வெட்டினார்கள் என்பதையும் கேளுங்கள். அதைக் கேட்டால் அண்ணனுடைய நாள் கெட்டுவிடாது.

வீட்டிலிருந்தே பணம் அனுப்பலாமே என்றீர்கள். அனுப்புங்கள். கச்சேரிக்கும் போங்கள். அன்றிரவு ஈஸ்ற்ஹாமில் இறங்கி நடக்கும்போது, என் கோபம் இன்னும் ஆறாமல் நான் இரண்டு அடி முன்னால் போய்க்கொண்டிருந்தபோது, அக்கா பின்னாலிருந்து கேட்டார்: “மாமாவுக்கு ஆரும் ஒப்பாரி சொல்லேல்லை, என்னடா?”

நான் நின்றுவிட்டேன். பூட்டியிருந்த ஒரு கடைப் படியில் இரண்டு பேரும் இருந்தோம். அக்காவுக்கு ஒப்பாரி வராது, அம்மம்மாவின் ராகம் மட்டும் கொஞ்சம் ஞாபகம். மாமாவின் பெயரைச் சொன்னார். கடை இருந்த தெருவின் பெயரைச் சொன்னார். கடையில் எங்களுக்கு அவர் எடுத்துத் தருகிற இனிப்பின் பெயரைச் சொன்னார். யார் எரித்தார்கள் என்பதையும் சொன்னார். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். எங்கள் அறையில், அந்தச் சேலைக்கு இரண்டு பக்கமும் படுத்துக்கொண்டு, எங்களால் இதைச் செய்ய முடிந்திருக்காது. பகல் முழுக்க அந்தச் சனத்துக்குள் நின்று, அவ்வளவு சத்தத்தையும் அந்த ஒரு அமைதியையும் கேட்ட பிறகுதான் முடிந்தது.

முந்தாநாள் உங்கள் கடிதத்தை வாசித்துக் காட்டியபோது, அந்த நாளில் என்ன ஞாபகம் இருக்கிறது என்று அக்காவைக் கேட்டேன். குவீன் ஞாபகமில்லையாம். போவியும் இல்லை. அந்தப் பெண்ணின் கைதான் ஞாபகம் என்றார்.

“சரியான சூடு. வெயில் பிடிச்சிட்டுது அவவுக்கு. நிழலிலை இருந்து தண்ணி குடியுங்கோ எண்டு சொன்னனான். குடிச்சாவோ தெரியாது.”

அன்புடன்.